சந்தனம் வைத்த ஃபிளாப்பிகள்

கேள்வியைப் படித்து முடிக்கும்வரை மேடம் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொள்வார். அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் கைகள்தான். கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் ஒரு வரி வந்து நிற்கும். வரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறி, அதன் பக்கத்தில் மினுக்கிக்கொண்டே இருக்கும் ஒரு சின்னக் கட்டம். ஆம் என்றால் ‘ஒய்’, இல்லை என்றால் ‘என்’. ஒரே ஓர் எழுத்தைத் தட்டினால் போதும். எனக்கெல்லாம் கை துறுதுறுவென்று இருக்கும். மேடமோ பந்தியில் இலை போட்ட பிறகு பரிமாற வருகிறவருக்காகக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். வரியை வாய்க்குள் இரண்டு தடவை படிப்பார். பிறகுதான் வலது கை மேலே வரும். “அது அவசரப்படலை. நாம எதுக்கு அவசரப்படணும்?” என்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு டேட்டா என்ட்ரி வேலை. ஆவடியில் ரயிலேறிப் பட்டரவாக்கத்தில் இறங்கி, லாரிகளுக்கு வழிவிட்டுக்கொண்டே நடந்தால் எங்கள் கேட் வந்துவிடும். டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, ஏதோ சில மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போயிருந்தேன். அந்த வகுப்பில் கம்ப்யூட்டரைத் தொட்டதைவிட அதைப் பற்றிக் குறிப்பெடுத்ததுதான் அதிகம். மேடம்தான் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பு. ஐயப்பன்தாங்கலிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். கஞ்சி போட்ட காட்டன் புடவை, தோளில் ஜிப்பு கெட்டுப்போன ஒரு கைப்பை. அந்த ஜிப்பை அவர் கடைசிவரை தைக்கவில்லை.

கம்ப்யூட்டர் அறை முன்பு பம்புக்குப் போடும் பித்தளை புஷ்கள் வைத்திருந்த கிடங்கு. அதற்கு வெள்ளையடித்து, ஏ.சி. போட்டு, வாசலில் ‘காலணிகளை வெளியே விடவும்’ என்று எழுதியிருந்தார்கள். ஏ.சி. எங்களுக்காக இல்லை, இயந்திரத்துக்காக. இதை மேனேஜர் வாரம் ஒருமுறை எங்களுக்கு ஞாபகப்படுத்துவார். வாசலில் செருப்பு வரிசையைப் பார்த்தாலே உள்ளே எத்தனை பேர் என்று சொல்லிவிடலாம். யாராவது தெரியாமல் டிபன் பாக்ஸை இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டால் மேடம் திட்ட மாட்டார். அந்த டிபன் பாக்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு, சொந்தக்காரர் வந்து கேட்கும்வரை நின்றுகொண்டே இருப்பார். அதைவிடத் திட்டியிருக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள்.

அந்தக் காலத்து இயந்திரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாம் தட்டுவதை எல்லாம் அது உடனே உள்ளேயிருக்கும் டிஸ்க்கில் எழுதிவிடாது. கொஞ்ச நேரம் மனதில் வைத்திருந்து, ஆற அமர எழுதும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரெண்ட் போனால் வேலை அரைகுறையாக நின்றுவிடும். ஒரு ஃபைல் பத்திரமாக இருக்கும், ஆனால் அது டிஸ்க்குக்குள் எந்த அறையைச் சேர்ந்தது, அதன் பெயர் என்ன என்ற குறிப்பு அழிந்திருக்கும். இல்லையென்றால் ஒரே இடத்துக்கு இரண்டு ஃபைல்கள் சொந்தம் கொண்டாடும். அதனால் மறுபடி கிளப்பும்போது ‘முதலில் என்னைச் சோதித்துப் பார்’ என்று அது அடம்பிடிக்கும். அந்தச் சோதனைக்கு எஃப்.எஸ்.சி.கே. என்று பெயர். சோதித்துக்கொண்டே போய், எங்கே சிக்கலோ அங்கே நின்று நம்மைக் கேட்கும். நாதியில்லாத ஒரு ஃபைல் கிடைத்தால் ‘ரீகனெக்ட்?’ என்று கேட்கும். சேர்த்துக்கொள்ளட்டுமா என்று அர்த்தம். வேண்டாம் என்றால் ‘கிளியர்?’ என்று கேட்கும். சரி என்று தட்டினால் துடைத்துவிடும், பிறகு யார் வந்தாலும் திரும்பக் கிடைக்காது.

எல்லாக் கேள்விக்கும் ‘சரி’ என்று முதலிலேயே மொத்தமாகச் சொல்லிவிடவும் ஒரு வழி உண்டு. கம்ப்யூட்டர் விற்ற கம்பெனியிலிருந்து வரும் இன்ஜினியர்கள் அதைத்தான் செய்வார்கள். ஸ்கூட்டரை அணைத்த சூடு ஆறுவதற்குள் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மேடத்துக்கு அது ஆகவே ஆகாது. “எல்லாத்துக்கும் சரின்னு சொல்றவங்க எதையும் காதுல வாங்கறதில்லைன்னு அர்த்தம்” என்பார். மதியம் கரெண்ட் போய் வந்த நாட்களில் அவர் மடியில் கை வைத்து உட்கார்ந்துவிட்டால், நாங்கள் டீ குடித்துவிட்டு வரலாம், ஊர்க்கதை பேசிவிட்டு வரலாம்.

இனி கேஷுவல் தொழிலாளிகள் விஷயம். எங்கள் தொழிற்சாலையில் பாதிப் பேருக்குமேல் அப்படித்தான். வருஷக்கணக்காக வேலை செய்வார்கள், ஆனால் நிரந்தரம் இல்லை. நடுவில் சில நாள் ‘பிரேக்’ என்று வெளியே நிறுத்தி, மறுபடி புதுசாகச் சேர்ப்பதுபோல் சேர்ப்பார்கள். இரண்டு வருஷத்துக்குள் இத்தனை நாள் வேலை செய்திருந்தால் நிரந்தரமாக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நாளை யார் எண்ணுவது என்பதில்தான் சண்டை. யூனியனும் நிர்வாகமும் மாதக்கணக்காக முட்டிக்கொண்டு, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்து கையெழுத்துப் போட்டார்கள். ஆயுத பூஜை முடிந்ததும் கம்ப்யூட்டரில் இருக்கும் வருகைக் கணக்கை எடுப்பது, அதில் தேறுகிறவர்களுக்கு ஆர்டர். மனுஷன் பொய் சொல்வான், கம்ப்யூட்டர் சொல்லாது என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

அந்த ஆர்டருக்காகக் காத்திருந்தவர்களில் எலெக்ட்ரீஷியன் அண்ணனும் ஒருவர். கோவில்பதாகைக்காரர். அவர் அப்பா ஏரிப் பாசனத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். இவர் கரெண்ட் வேலை கற்றுக்கொண்டு எஸ்டேட்டுக்கு வந்துவிட்டார். தொழிற்சாலையில் எந்த பல்பு எரிந்தாலும் எரியாவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள், ஆனாலும் கேஷுவல். எங்கள் அறைக்கு வந்தால் செருப்பைக் கழற்றி, காலைக் கால்சட்டையில் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். “இன்னா மேடம், என் நாளெல்லாம் பத்திரமா கீதா?” என்று கேட்பார். “பத்திரமா இருக்கு அண்ணா” என்பார் மேடம். அண்ணனுக்கு இரண்டாவது குழந்தை பிறந்த சமயம். நிரந்தரமானால் ஈ.எஸ்.ஐ., பி.எஃப்., வீட்டுக்காரரிடம் கொஞ்சம் மரியாதை. எல்லாவற்றுக்கும் மேலே, ‘நாளையிலிருந்து வராதே’ என்று யாரும் சொல்ல முடியாது. அதுதான் பெரிது என்று அவரே சொல்வார்.

எஸ்டேட்டில் ஆயுத பூஜையைப் பார்க்காதவர்களுக்கு அது என்ன கொண்டாட்டம் என்று சொன்னால் புரியாது. ஒரு வாரம் முன்பே துடைப்பது, கழுவுவது, பெயின்ட் அடிப்பது. கேட்டுக்குக் கேட் வாழைக்கன்று, சீரியல் லைட், ஒலிபெருக்கி. லேத்துக்கும் சந்தனம், ஸ்பேனருக்கும் சந்தனம், முதலாளி காருக்கும் சந்தனம். பொரி, சுண்டல், ஸ்வீட் பாக்ஸ். எங்கள் ஸ்டோர்கீப்பர் அன்று ஒரு நாள் மட்டும் பூசாரி. வேட்டி கட்டி, சட்டையைக் கழற்றி, வருஷம் முழுக்க நட்டு போல்ட்டு எண்ணிய மனிதரா இவர் என்கிற மாதிரி மந்திரம் சொல்வார். பூஜைக்கு முன் எல்லா இயந்திரமும் ஓய வேண்டும். மெயினை இறக்கிவிட்டு, விளக்கொளியில்தான் தீபாராதனை. அதன்பிறகு மறுநாள் விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து ஓட்டும்வரை எந்தக் கருவியையும் தொடக்கூடாது. இதில் மட்டும் முதலாளியும் யூனியனும் ஒரே கட்சி.

அந்த வருஷம் சாமிக்கென்று எல்லோரும் நல்ல மனசோடு செய்த காரியங்கள்தான் எங்களைப் படுத்திவிட்டன. முதலில் டைம் ஆபீஸ்காரர். பூஜைக்குச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று, மூட்டை மூட்டையாகக் கிடந்த, ஆட்களின் வருகை பதிந்த பழைய பஞ்ச் கார்டுகளைப் பழைய பேப்பர்காரருக்குத் தள்ளிவிட்டார். கம்ப்யூட்டரில்தான் ஏற்றியாயிற்றே, குப்பையை எதற்கு வைத்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். அடுத்து ஸ்டோர்கீப்பர். காலையிலேயே எங்கள் அறைக்கு வந்து, இயந்திரத்துக்குப் பொட்டு வைத்தவர், அலமாரியில் இருந்த ஃபிளாப்பிகளையும் விடவில்லை. அவையும் ஆயுதம்தானே? அப்பளம் மாதிரி வளையும் பெரிய ஃபிளாப்பிகள் அவை. நடுவில் உள்தட்டு தெரிய ஒரு திறப்பு இருக்கும். அதை நெற்றி என்று நினைத்தாரோ என்னவோ, ஒவ்வொன்றின் திறப்பிலும் கச்சிதமாகச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மேலே தண்ணீரும் தெளித்து, வரிசையாக அடுக்கிவிட்டுப் போயிருந்தார். அதில்தான் வருகைக் கணக்கின் நகல் இருந்தது.

மூன்றாவது, மெயின். மேடம் இயந்திரத்தை முறைப்படி தூங்க வைத்துவிட்டுத்தான் பூஜைக்கு வருவதாக இருந்தார். ஸ்வீட் பாக்ஸ் விநியோகத்துக்கான பட்டியல் அச்சாகிக்கொண்டிருந்தது, அது முடியட்டும் என்று எழுந்து கை கழுவப் போனார். அதற்குள் நல்ல நேரம் முடியப் போகிறது என்று ஷெட்டில் ஒரே பரபரப்பு. எலெக்ட்ரீஷியன் அண்ணன் வருஷா வருஷம் செய்வதுபோல் மெயினை இறக்கினார். எல்லாம் அடங்கியது. எங்கள் அறையில் இருந்த யு.பி.எஸ். மட்டும் கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. அது கத்தினால்தான் நல்லது, இயந்திரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். தீபாராதனைத் தட்டை ஏந்தி நின்ற ஸ்டோர்கீப்பர் முகம் சுளித்தார். அண்ணன் ஓடிவந்தார், அன்றும் மறக்காமல் செருப்பைக் கழற்றினார், யு.பி.எஸ்ஸை அணைத்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பி ஓடினார். சத்தம் நின்றது. கற்பூரம் ஏற்றினார்கள்.

ஈரக் கையோடு வந்த மேடம் இருட்டில் திரையைப் பார்த்து நின்றது எனக்கு இன்றும் தெரிகிறது. அவர் கத்தவில்லை. பூஜை முடிந்து நெற்றி நிறைய விபூதியோடு எட்டிப் பார்த்த அண்ணனிடம், “யு.பி.எஸ்ஸை யாரு ஆஃப் பண்ணது?” என்று கேட்டார்.

“நான்தான் மேடம். கீ கீன்னு கத்திகினே இருந்துச்சா, பூசை நேரத்துல இன்னாடா இது அபசகுனமான்னு நான்தான் வந்து அமுத்துனேன். ஏன் மேடம்?”

“அது நடுவுல எழுதிக்கிட்டு இருந்தது அண்ணா. உள்ள என்ன ஆகியிருக்குன்னு ஆன் பண்ணாத்தான் தெரியும். வருகைக் கணக்கு ஃபைலெல்லாம் திறந்து வச்சிருந்தேன்.”

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மேடம் ஃபிளாப்பி வரிசையைக் காட்டினார். கார்டு போன கதையை நான் சொன்னேன். அண்ணன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “அப்ப என் நாளு? அத்தினி பேரு நாளும்? ஏம்மா, என் கையாலயே நானே அமுத்திட்டனா?” என்றார். கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். உடனே போட்டுப் பார்க்கலாம் என்று மேடம் சொன்னார். விஜயதசமி வரை தொடக்கூடாது என்று ஸ்டோர்கீப்பரும், இன்னும் கெட்டுப்போனால் என்ன செய்வது என்று கேஷுவல் ஆட்களே சிலரும் தடுத்துவிட்டார்கள். சாமி குற்றம் என்ற பயம். மேடம் பொரிப் பொட்டலத்தை அந்த ஜிப்பு போன கைப்பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறப் போனார்.

விஜயதசமி என்றால் லேத்தை ஒரு நிமிஷம் ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற நாள். அன்று கேஷுவல் ஆட்கள் யாரும் போகவில்லை. எங்கள் அறை வாசலில் செருப்புகள் வராந்தா முழுக்க நிறைந்துவிட்டன. மெயினை ஏற்றினார்கள். இயந்திரம் எழுந்தது, நாங்கள் எதிர்பார்த்தபடியே அடம்பிடித்தது. மேடம் மடியில் கை வைத்துக்கொண்டு, முதல் சுற்றில் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்றே சொல்லிக்கொண்டு போனார். எதையும் தொடாமல், எங்கே எங்கே அடிபட்டிருக்கிறது என்று பார்ப்பது மட்டும்தான் அந்தச் சுற்று. கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. நான் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டேன். டிஸ்க்கில் வருகைக் கணக்கு இருந்த அறையே கலைந்து போயிருந்தது. மாதா மாதம் ஒரு ஃபைலாக வைத்திருந்தோம். எல்லாம் நாதியில்லாமல் சிதறிக் கிடந்தன.

அப்போதுதான் ஆள் எடுப்பது, நிறுத்துவது எல்லாம் பார்க்கும் பெர்சனல் மேனேஜர் வந்தார். செருப்பைக் கழற்றும் வழக்கம் அவருக்குக் கிடையாது. பளபளவென்று ஷூவோடு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்கிற குரலில் பேசினார்.

“எதுக்கு மேடம் கஷ்டப்படறீங்க? இன்ஜினியர்கிட்ட போன்ல பேசிட்டேன். எல்லாத்துக்கும் ஒரே எஸ் குடுத்தா பத்து நிமிஷத்துல முடிஞ்சிடுமாம். போனது போகட்டும். சாமி காரியத்துல நடந்தது, யாரையும் நாங்க குத்தம் சொல்லப் போறதில்ல. டேட்டா ரிக்கவர் ஆகலைன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க, மீதியை நான் பார்த்துக்கறேன்.”

அந்த மீதி என்னவென்று வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். கணக்கு இல்லையென்றால் ஆர்டர் இல்லை. மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும், நடுவில் மறுபடி பிரேக். பழி யார் மேலும் விழாது. சாமி மேல் விழும், அவர் வந்து கேட்கப் போவதில்லை. இவ்வளவு சுளுவாக ஒரு வழி கிடைக்கும் என்று மேனேஜரே எதிர்பார்த்திருக்க மாட்டார். அவர் எழுந்துகொண்டே கேட்டார்: “ஆமா, உங்க காண்ட்ராக்ட் ரினியூவல் இந்த மாசம்தானே?”

மேடம் எங்கள் கம்பெனி ஆள் இல்லை. வருஷ ஒப்பந்தத்தில் வந்தவர். தினமும் கேட்டில் வெளியாட்கள் கையெழுத்துப் போடும் இடத்தில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வாயைத் திறந்தால் என் வேலையும் போகும் என்று, எழுதிக்கொண்டிருந்த நோட்டுக்குள் குனிந்துகொண்டேன். மேடம் கேள்வியை முழுசாகக் கேட்டார். திரையில் வரும் கேள்வியைப் படிப்பாரே, அதே முகம்.

“ஆமா சார், இந்த மாசம்தான்” என்றார். “ஆனா இது என்னை ஒவ்வொண்ணா கேக்குது சார். நானும் ஒவ்வொண்ணா பதில் சொல்லிடறேனே.”

மேனேஜர் ஷூ சத்தத்தோடு வெளியே போனார். மேடம் இரண்டாவது சுற்றை ஆரம்பித்தார். ‘ரீகனெக்ட்?’ சரி. அடுத்தது. ‘ரீகனெக்ட்?’ சரி. ஒரே இடத்துக்கு இரண்டு ஃபைல்கள் சண்டை போட்ட இடங்களில் நான் எழுதியதைப் பார்த்து, எது எப்போது எழுதப்பட்டது, எது பெரிது என்று யோசித்துத்தான் தட்டினார். ஸ்வீட் பாக்ஸ் அச்சு ஃபைல் ஒன்று வருகைக் கணக்கின் இடத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. ‘கிளியர்?’ என்று அதற்கு வந்தபோது சரி என்று தட்டிவிட்டு, அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தார்.

நாதியில்லாத ஃபைல்களை அந்த இயந்திரம் ஒரு தனி அறையில் கொண்டுவந்து போடும். காணாமல் போய்க் கிடைத்தவை என்று அந்த அறைக்குப் பெயர். உள்ளே இருப்பதெல்லாம் அப்படியே இருக்கும், பெயர் மட்டும் போய்விடும். பெயருக்குப் பதில் ஏதோ ஒரு எண். எங்கள் வம்பு என்னவென்றால், எந்த மாதம் என்பது பெயரில் மட்டும்தான் இருந்தது. உள்ளே ஆளுக்கொரு டோக்கன் எண்ணும், வந்தார் வரவில்லை என்ற புள்ளிகளும்தான். பின்னால் திருத்தங்கள் போட்டிருந்ததால் இயந்திரம் காட்டிய தேதியையும் நம்ப முடியவில்லை. மேடம் ஒரு ஃபைலைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை வாசல் பக்கம் திருப்பினார்.

“அண்ணா, இதுல கேன்டீன் அக்கா நடுவுல ரொம்ப நாள் வரலை. மாசம் முழுக்கவே பாதிதான் இருக்கு. எப்போ?”

கேன்டீன் அக்கா கூட்டத்துக்குள்ளிருந்து தலையை நீட்டினார். “எனக்கு அம்மை போட்டுச்சே மேடம்! பங்குனி. மாரியாத்தா வந்துட்டுப் போனா.” மேடம் எந்த வருஷம், மார்ச்சா ஏப்ரலா என்று கேட்டு, ஃபைலுக்குப் பெயர் கொடுத்தார். அடுத்த ஃபைல். ஒரே சமயம் ஐந்தாறு பேர் இல்லை. “மலைக்குப் போனோம் மேடம், மாலை போட்டுகினு” என்றார் ஒரு டர்னர். ஜனவரி. அடுத்ததில் இரண்டு நாள் ஒரு கும்பலே காணவில்லை. மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போது எலெக்ட்ரீஷியன் அண்ணன் எழுந்து நின்றார். “ஏரித் தண்ணி ஊட்டுக்குள்ள வந்துச்சே மேடம், பாத்திரம் பண்டமெல்லாம் மெதந்துச்சு. கோவில்பதாகை ஆளுங்க ஒருத்தனும் வரல. கார்த்திகை மாசம் அது. டேய், நீ கூட உன் ஆயாவ தோள்ல தூக்கிகினு வந்தியே.”

மத்தியானம் முழுக்க அப்படியே போயிற்று. கல்யாணம், சாவு, பிள்ளைப்பேறு, பஸ் ஸ்டிரைக், கால் முறிவு. ஒவ்வொரு மாதத்தையும் யாரோ ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார்கள். இரண்டு வருஷமாக நான் புள்ளிகளாகத் தட்டியது இதைத்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எனக்கு அழுகை வந்தது, டஸ்டரால் திரையைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். ஒரு மாதம் மட்டும் மீளவில்லை. அந்த ஃபைல் உள்ளேயே நைந்திருந்தது. எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஒரு நாள்கூட விடாமல் வந்த மாதம் அது. அது இல்லாவிட்டால் அவர் தேற மாட்டார்.

மேடம் ஃபிளாப்பி வரிசையை எடுத்தார். மேலே எழுதியிருந்ததை வைத்து அந்த மாதத்து ஃபிளாப்பியைத் தேடினார். காய்ந்த சந்தனம் அதன் உள்தட்டில் அப்பியிருந்தது. பிளேடால் உறையின் ஓரத்தைக் கீறி, தட்டை வெளியே எடுத்து, குழாய்த் தண்ணீரில் விரல் படாமல் அலசினார். ஃபேனுக்குக் கீழே காய வைத்து, வேறொரு காலி உறைக்குள் செருகினார். ஸ்டோர்கீப்பர் பக்கத்தில் நின்று, “மஞ்சத்தண்ணியில அலசினா இன்னும் சுத்தமா இருக்கும்மா” என்றார். மேடம் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் மனிதர் வராந்தாவுக்கே போய்விட்டார். டிரைவ் கரகரவென்று இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. படித்துவிட்டது. அறை முழுக்கச் சந்தன வாசனை. அதன்பின் பல வாரங்களுக்கு எந்த ஃபிளாப்பியைப் போட்டாலும் அந்த வாசனை வந்தது.

மொத்தக் கணக்கு அச்சாகி வந்தபோது, தேற வேண்டியவர்கள் எல்லோரும் தேறியிருந்தார்கள். மேனேஜர் அதை இரண்டு தடவை புரட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வேறு வழியில்லை, கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று கையெழுத்துப் போட்டவர்களில் அவரும் ஒருவர். தீபாவளிக்கு முன்னால் கேன்டீன் ஹாலில் ஆர்டர் கொடுத்தார்கள். எலெக்ட்ரீஷியன் அண்ணன் உறையைப் பிரிக்காமலே எங்கள் அறைக்கு ஓடிவந்தார். “நீயே படிம்மா. மெய்யாலுமே என் பேருதானா பாரு” என்று மேடம் கையில் கொடுத்தார். மேடம் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படித்தார். அண்ணன் கேட்டுக்கொண்டே நின்று, படித்து முடித்ததும் ‘இன்னொரு தபா’ என்றார். மேடம் இன்னொரு தபாவும் படித்தார்.

அந்த மாதக் கடைசியில் மேடத்தின் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. கம்ப்யூட்டர் இப்போது ஒழுங்காக ஓடுகிறது, இருக்கிற பெண்களே பார்த்துக்கொள்ளலாம் என்று காரணம் சொன்னார்கள். மேடம் இதை எங்களிடம் சொல்லும்போது பஸ் ஸ்டாப்பில் கூட்டம் இருக்குமா என்று கேட்கிற மாதிரிதான் சொன்னார். என்னிடம் “கேள்வியை முழுசா படி” என்றார். கைப்பையை எடுத்துக்கொண்டார். கேட்டில் வெளியேறும் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நடந்தார். அழக்கூடாது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், நடக்கவில்லை.

மறுநாள் காலை விஷயம் ஷெட்டில் பரவியது. புதிதாக நிரந்தரமானவர்கள் எல்லோரும், நிரந்தரமானபின் செய்த முதல் காரியமாக, மெஷினை நிறுத்திவிட்டு மேனேஜர் அறைக்குப் போனார்கள். கேன்டீன் அக்கா அடுப்பை அணைத்துவிட்டுப் போனார். மேனேஜர் மரியாதையாகவே பேசினாராம். அந்த அம்மா நம்ம ஆளே இல்லையே, அவருக்காக நீங்கள் எப்படிக் கேட்க முடியும் என்றாராம். யூனியனிலும் அதையே சொன்னார்கள். அவர் தொழிலாளியும் இல்லை, ஸ்டாஃபும் இல்லை, கேஷுவலும் இல்லை. கேட்பதற்கு ஒரு பெயர் வேண்டாமா? தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள். எலெக்ட்ரீஷியன் அண்ணன் எங்கள் அறை வாசலில் நின்று, காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தார். “நம்ம ஆளு இல்லியாம்ல. போன மாசம் வரைக்கும் நம்மளத்தான் அப்டி சொல்லிகினு இருந்தானுங்க” என்றார். பிறகு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

மேடத்தின் நாற்காலியில் நான்தான் உட்கார்ந்தேன். பின்னாளில் நிரந்தரமானேன், அங்கேயே ஓய்வும் பெற்றேன். நடுவில் எத்தனையோ கம்ப்யூட்டர்கள் மாறின. இப்போதெல்லாம் கரெண்ட் போய் வந்தால் அவை தம்மைத் தாமே சரிசெய்துகொள்கின்றன. எதைச் சேர்த்தன, எதைத் துடைத்தன என்று யாரையும் கேட்பதில்லை. வசதிதான். எலெக்ட்ரீஷியன் அண்ணன் பென்ஷன் வாங்குகிறார், ஆவடி மார்க்கெட்டில் பார்த்தால் இன்றும் முதல் பேச்சு மேடம்தான். “எங்கனா கீறாங்களா, விசாரிச்சியா?” என்பார்.

விசாரித்தேன். ஐயப்பன்தாங்கல் டிப்போ பக்கம் போய்க் கேட்டேன், அங்கே இப்போது அடுக்குமாடிகள். வேலையில் இருந்தபோது எங்கள் கம்ப்யூட்டரிலும் தேடியிருக்கிறேன். முதல் நாளிலிருந்து வேலை செய்த அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். சேர்ந்த தேதி, விலாசம், வந்த நாள், வராத நாள் எல்லாம் இருந்தன. மேடத்தின் பெயரைத் தட்டினால் அப்படி யாரும் இல்லை என்றது. வெளியாளின் வருகையை யாரும் அதில் ஏற்றவில்லை, ஏற்றச் சொல்லி அவரும் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று கையெழுத்துப் போட்டார்களே, அது அன்றைக்குப் பொய் சொன்னது. அவர் வந்தார். ஒரு நாள்கூட விடாமல் வந்தார். பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன்.